ஆள் நிஜமா என்று தெரிந்தால் போதும், பேர் வேண்டாம்: ஃபேக் ஐடி புகாத குழு அமைக்க ஒரு முழு வழிகாட்டி

வேலூர்க்காரர்கள் தங்கள் ஊரைத் தாங்களே கிண்டல் செய்ய ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள்: தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். அதில் பாதி இப்போது செல்லாது. 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்ப வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரை கொள்ளாமல் ஓடியதையும் பார்த்துவிட்டோம். காலியான இடத்துக்கு நான் ஒன்றைச் சேர்க்கிறேன்: ஆள் இல்லாத அக்கவுண்ட்.

நான் காட்பாடியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். கடை சாத்திய பிறகு ஒரு டெலிகிராம் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். ரத்தம் தேவைப்படுகிறவர்களையும் கொடுக்கிறவர்களையும் சேர்த்துவைக்கிற குழு. எங்கள் ஊருக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்கு வருகிறார்கள். ஆஸ்பத்திரி பக்கம் லாட்ஜ்களின் போர்டே வங்காளத்தில் இருக்கும். அவர்களுக்கு இங்கே மாமன் மச்சான் கிடையாது. ரத்தம் என்றால் முகம் தெரியாதவரைத்தான் கேட்க வேண்டும்.

அந்த இடத்தில்தான் ஃபேக் ஐடிகள் புகுந்தன. ஒரு வகை, டோனர் என்று சொல்லி உள்ளே வந்து, நோயாளியோடு வந்திருக்கும் அட்டெண்டருக்குத் தனியாக மெசேஜ் அனுப்பும்: “ஆம்பூர்ல இருந்து வரணும், பெட்ரோலுக்கு 800 ஜிபே பண்ணுங்க.” பணம் போனதும் அக்கவுண்ட் மாயமாகும். மறுநாள் வேறு பேரில் வரும். இன்னொரு வகை, பெண்களின் நம்பரைப் பொறுக்க மட்டுமே வரும்.

நான் முதலில் செய்தது முட்டாள்தனம். எல்லோரும் ஆதார் அட்டையைப் போட்டோ எடுத்து ஒரு படிவத்தில் ஏற்ற வேண்டும் என்றேன். இருநூறு பேருக்கு மேல் ஏற்றினார்கள். அந்த ஷீட்டின் லிங்க் கிடைத்தால் யாரும் திறக்கலாம் என்று செட்டிங் இருந்ததை மூன்று வாரம் நான் கவனிக்கவில்லை. ஒருநாள் ஒரு அக்கா கடைக்கே வந்துவிட்டார். “தம்பி, ரத்தம் குடுக்கத்தான வந்தேன், வூட்டு அட்ரஸ் இன்னாத்துக்கு உனுக்கு? எவனோ போன் பண்ணி தெரு பேர சொல்றான்” என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஷீட்டை அன்றே அழித்தேன். வெளியே போனதை அழிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு கட்டியெழுப்பியதுதான் கீழே இருப்பது. ரத்ததானக் குழுவுக்கு மட்டுமல்ல, குடியிருப்போர் சங்கம், பழைய மாணவர் குழு, மகளிர் குழு, லாட்ஜில் தங்குகிறவர்களுக்கு உதவும் குழு என எதற்கும் பொருந்தும்.

முதல் படி: மூன்று கேள்வியைத் தனித்தனியாகப் பிரியுங்கள்

“அக்கவுண்ட்டைச் சரிபார்க்க வேண்டும்” என்று எல்லோரும் சொல்கிறோம். அதற்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஒன்று, இதை ஓட்டுவது மனிதரா, மெஷினா? இரண்டு, இந்த மனிதருக்கு இங்கே ஒரே ஒரு அக்கவுண்ட்தானா, இல்லை ஒரே ஆள் பத்துப் பேராக நிற்கிறாரா? மூன்று, இவர் இன்னார், இன்ன தெரு, இன்ன தேதியில் பிறந்தவர் என்பது உண்மையா?

பேங்க்குக்கும் பென்ஷனுக்கும் மூன்றாவது வேண்டும். எங்களைப் போன்ற குழுவுக்கு முதல் இரண்டும் போதும். ஆனால் முதல் இரண்டைத் தெரிந்துகொள்ள மூன்றாவதைக் கேட்டு வாங்குவதே எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. நான் செய்ததும் அதுதான்.

பிரிக்க முடியுமா என்று கேட்கிறவர்கள் வாக்குச்சாவடியை நினைத்துப் பாருங்கள். உள்ளே போனதும் பேரைச் சத்தமாகப் படிக்கிறார்கள், விரலில் மை வைக்கிறார்கள். 1962 பொதுத்தேர்தலிலிருந்து இந்த மை இருக்கிறது. ஆனால் மறைப்புக்குப் பின்னால் நீங்கள் எதை அழுத்தினீர்கள் என்பது அந்தப் பேரோடு சேர்வதே இல்லை. ஆளைப் பார்த்தது ஒரு மேஜை, ஓட்டு விழுந்தது இன்னொரு மேஜை. நமக்கும் அப்படி இரண்டு மேஜை வேண்டும்: ஆளைப் பார்க்கிற இடத்தில் அக்கவுண்ட் தெரியக்கூடாது, அக்கவுண்ட்டைச் சேர்க்கிற இடத்தில் ஆள் தெரியக்கூடாது.

இரண்டாம் படி: திருட வருகிறவனுக்கு லாபம் இல்லாமல் செய்யுங்கள்

பூட்டு வாங்குவதற்கு முன்னால் நகையைத் திண்ணையிலிருந்து எடுத்து உள்ளே வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் சரிபார்ப்பில் இறங்கினால் பாதி உழைப்பு வீண்.

எங்கள் விதி எளிது. டோனர் நேராக ரத்த வங்கிக்குத்தான் போவார், தனி ஆளைப் போய்ப் பார்க்க மாட்டார். பணம் என்ற வார்த்தை வந்தாலே அது மோசடி. காசுக்கு ரத்தம் கொடுப்பது இந்தியாவில் 1998 ஜனவரி 1 முதல் தடை, அதற்கு வழிவகுத்தது 1996இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ரத்த வங்கி பரிசோதனைக்கென்று வாங்கும் கட்டணம் வேறு. அதற்கு அங்கேயே ரசீது உண்டு. இந்த நான்கு வரியைத் தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் எழுதி மேலே பின் செய்து வைத்தோம். பெட்ரோல் கதை பாதியாகக் குறைந்தது.

அடுத்து, போன் நம்பர். வாட்ஸ்அப் குழுவில் உங்கள் நம்பர் உறுப்பினர் அத்தனை பேருக்கும் தெரியும். டெலிகிராமில் செட்டிங்ஸ் போய், தனியுரிமைப் பகுதியில், என் நம்பரை யார் பார்க்கலாம் என்பதற்கு ‘யாருமில்லை’ என்று வைக்கலாம். அதற்குக் கீழேயே, என் நம்பரை வைத்து என்னை யார் தேடிப்பிடிக்கலாம் என்று ஒன்று இருக்கும். அதையும் ‘என் கான்டாக்ட்கள்’ என்று மாற்ற வேண்டும். இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். சிக்னல் ஆப்பிலும் 2024 முதல் யூசர்நேம் வந்துவிட்டதால் நம்பர் கொடுக்காமல் பேசலாம்.

ரத்தம் கேட்கிறவரைச் சரிபார்க்க நாங்கள் மெனக்கெடுவதில்லை. அவர் குழுவுக்குள் வரவே வேண்டாம். ரத்த வங்கிக்கு எழுதித்தந்த சீட்டில் நோயாளியின் பேரையும் ஆஸ்பத்திரி நம்பரையும் கட்டை விரலால் மறைத்து, ரத்த வகை, எத்தனை யூனிட், தேதி மட்டும் தெரிகிற மாதிரி போட்டோ அனுப்பினால் போதும். அது பொய்யாகவே இருந்தாலும் டோனர் போய் நிற்கப்போவது ரத்த வங்கியில்தான். அங்கே பொய் ஐந்து நிமிடம் தாங்காது.

மூன்றாம் படி: எதை நம்பக்கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

குழுவில் சேரும்போது “நீ ரோபோ இல்லை என்று நிரூபி” என்று பஸ்ஸையும் சிக்னல் கம்பத்தையும் தொடச் சொல்லும் கேப்ட்சா இருக்கிறதே, அது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அந்தப் பேரோடு ஆய்வுக்கட்டுரை வந்தது 2003இல். 2024இல் சூரிச் ஆய்வாளர்கள் கூகுளின் படக் கேப்ட்சாவை மெஷினை வைத்தே முழுக்க முழுக்கத் தாண்டிக் காட்டிவிட்டார்கள். அதற்கு முன்பே, காசு கொடுத்தால் மனிதர்களை உட்காரவைத்துத் தீர்த்துத் தரும் கடைகள் இருந்தன. எச்சிலைக்கு அலையும் ஈ மாதிரி வரும் மலிவான பாட்களை, அதாவது தானாக இயங்கும் மெஷின் அக்கவுண்ட்களை, விரட்ட மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடிபி? செல்போன் கடைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், ஓடிபி நிரூபிப்பது சிம்மை, ஆளை அல்ல. நம் பக்கத்தில் ஒருவர் பேரில் 9 சிம் வரை வாங்கலாம். அதாவது ஒரு சோம்பேறி மோசடிக்காரனுக்கே ஒன்பது அவதாரம். உங்கள் பேரில் உங்களுக்கே தெரியாமல் சிம் ஓடுகிறதா என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். பார்த்துவிட்டு அதிர்ந்தவர்களை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

உள்ளூர்க் கேள்வி வைத்துப் பார்த்தோம். “மக்கன் பேடாவுக்குப் பேர்போன ஊர் எது?” என்பது மாதிரி. ஆற்காடு என்று மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடுகிறது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்பது வரை கூடுதலாகச் சொல்கிறது. தோற்றது யார் தெரியுமா? வி.ஐ.டி.யில் படிக்கிற பீகார் பையன். நிஜமான ஆள், ரத்தம் கொடுக்கத் தயாராக இருந்த ஆள். பேச்சை வைத்து மெஷினையும் மனிதரையும் பிரிக்க முடியுமா என்று ஆலன் டூரிங் 1950இல் கேட்டார். எங்கள் குழுவைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி முடிந்துபோனது.

ஆதார் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அட்டையின் போட்டோ எதையும் நிரூபிக்காது. போட்டோவை ஒட்டி மாற்றப் பள்ளிக்கூடப் பையனுக்கே தெரியும். அட்டையில் இருக்கும் க்யூஆர் கோடு அப்படியல்ல. அதில் ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது, திருத்தினால் ஸ்கேனர் ஆப் ஏற்றுக்கொள்ளாது. ஆனால் ஸ்கேன் செய்தால் பேர், பிறந்த தேதி, முகவரி, படம் எல்லாம் திரையில் வந்துவிடும். எனவே போலியைப் பிடிக்க அது நல்லது, ரகசியம் காக்க உதவாது. கட்டாயம் ஆதார் கேட்டே ஆக வேண்டிய இடம் என்றால், கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரைக் கேளுங்கள். அல்லது 16 இலக்க விர்ச்சுவல் ஐடி. அதை வேண்டும்போது புதிதாக மாற்றிக்கொள்ளலாம். ஸ்கேன் செய்து கண்ணால் பார்த்துவிட்டு விடுங்கள், சேமிக்காதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017இல். தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிசெய்த பிரிவை 2018இல் ரத்து செய்தது. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். நம் குழுவுக்கு அவ்வளவு வராது என்று சிரிக்கலாம். ஆனால் தேவைக்கு மேல் வாங்காதே என்கிற அதன் அடிப்படைக்கு அந்த அக்கா கேட்ட “இன்னாத்துக்கு உனுக்கு?” என்பதைவிட நல்ல விளக்கம் இல்லை.

நான்காம் படி: பந்தி போடுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். நிதானமாகப் படியுங்கள்.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவருக்கு ஒரு இலை. பேர் கேட்பதில்லை, அட்டை கேட்பதில்லை. ஆனாலும் ஒரே பந்தியில் ஒருவர் இரண்டு இலையில் உட்கார முடியாது, ஏனென்றால் உடம்பு ஒன்றுதான். அடுத்த பந்தியில் வந்து மறுபடி உட்காரலாம், அது வேறு சங்கதி. ஆகவே எல்லோருக்கும் ஒரே நேரத்தில், ஒரே பந்தியாகப் போட்டுவிட்டால் யார் என்று கேட்காமலே ‘ஆளுக்கு ஒன்று’ என்பது நடந்துவிடும்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. பிரையன் ஃபோர்ட் என்ற கணினி அறிஞரும் ஜேக்கப் ஸ்ட்ராஸும் 2008இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். புனைபெயர் விருந்து என்கிற மாதிரி அதற்குப் பேரே வைத்திருக்கிறார்கள். படித்ததும் எனக்குப் பந்திதான் ஞாபகம் வந்தது. சத்துவாச்சாரியில் ஒரு சின்ன மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை ஒரு ஞாயிறு காலை இலவசமாகக் கேட்டு வாங்கினோம்.

தேவைப்படுவது: மூன்று பொறுப்பாளர்கள், ஒரே கட்டிலிருந்து எடுத்த கவர்கள், ஒரு அண்டா, எண்ணைச் சரிபார்த்துத் தானாகக் குழுவில் சேர்க்கும் ஒரு டெலிகிராம் பாட் (சின்ன புரோகிராம்). பாட்டை ஒரு கல்லூரிப் பையன் இரண்டு ராத்திரியில் எழுதித் தந்தான்.

நான் செய்தது எண்களைத் தயாரிப்பது மட்டும். ஒவ்வொரு துண்டுச் சீட்டிலும் இரண்டு எண், ஒன்று குழுவில் சேர, இன்னொன்று போன் தொலைந்தால். இரண்டும் எட்டு இலக்கம். ஏன் எட்டு? பத்து இலக்கம் போட்டபோது, போன் நம்பர் என்று நினைத்து ஒருவர் டயல் செய்துவிட்டார். பன்னிரண்டு போட்டால் ஆதார் என்று பயப்படுகிறார்கள். எட்டே போதும்: அதில் 10 கோடி எண்கள் இருக்கின்றன, நாங்கள் அச்சடித்தது 72 சீட்டு. குருட்டாம்போக்கில் சேரும் எண் ஒன்றை அடித்து உள்ளே வர சுமார் 14 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. மூன்று முறை தப்பாக அடித்தால் அந்த அக்கவுண்ட்டைப் பாட் பூட்டிவிடும். பல அக்கவுண்ட்களிலிருந்து சேர்ந்து ஒரே நாளில் 20 தப்பு வந்தால் கடையையே சாத்திவிட்டு எனக்குச் சொல்லும். எண்களை மனதில் தோன்றியபடி எழுதாதீர்கள். மனிதர் எழுதினால் பிறந்த வருடமும் வண்டி நம்பரும்தான் வரும். பைத்தான் மொழியில் ‘சீக்ரெட்ஸ்’ என்று இதற்கென்றே ஒன்று இருக்கிறது, அல்லது பத்து முகப் பகடையை உருட்டுங்கள். அச்சு சொந்த பிரின்டரில். ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் ஃபைலை விட்டுவிட்டு வருவது வேலூரில் பாதிப் பேரின் வழக்கம், என் வழக்கமும் ஒருகாலத்தில் அதுதான்.

கவர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தெரியாத தடிமன் வேண்டும். வீட்டில் மீந்த கல்யாணப் பத்திரிகைக் கவர் இருக்கிறதே என்று ஒரு நண்பர் எடுத்துவந்தார். நாலு மூலையிலும் மஞ்சள். ஒவ்வொரு மஞ்சள் கறையும் ஒரு கைரேகை மாதிரி. எந்தக் கவர் யார் கைக்குப் போனது என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறவனுக்கு அது போதும். வெறும் கவர் வாங்குங்கள்.

ஒட்டிய கவர்களை நான் இரண்டாமவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவேன். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, அவரை ஏமாற்ற எனக்கே தைரியம் கிடையாது. அவர் அண்டாவில் கொட்டிக் கலக்குவார். உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடத்துக்குள் பேரெழுதிய ஓலையைப் போட்டுச் சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். எங்கள் அண்டாவில் பேரே கிடையாது, அவரவரே எடுத்துக்கொள்வார்கள்.

காலை 11 மணிக்குக் கதவு சாத்தப்படும். அதற்குப் பிறகு யாரும் உள்ளே வர முடியாது. எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது மூன்றாமவர் விதிகளைச் சொல்வார். பிறகு ஒரே வாசல் வழியாக ஒவ்வொருவராக வெளியே போவார்கள். போகும்போது அண்டாவில் கைவிட்டு ஒரு கவர். வாசலில் நிற்பவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லோர் காதிலும் விழும்படி எண்ணுவார். வெளியே போனவர் திரும்ப உள்ளே வரக்கூடாது, செருப்பை மறந்துவிட்டாலும் சரி, கடைசி வரை காத்திருக்க வேண்டும். அன்றைக்கு எண்ணிக்கை 58இல் நின்றது. அதைக் குழுவில் அறிவித்தோம். இந்த அறிவிப்பு ஏன் முக்கியமென்றால், நானே எனக்கு நான்கு எண் கூடுதலாக வைத்துக்கொண்டால் அனுமதி பெற்ற அக்கவுண்ட் 58ஐத் தாண்டும், யார் வேண்டுமானாலும் எண்ணிப் பிடித்துவிடலாம்.

பேர் எழுதும் நோட்டு கிடையாது. குரூப் போட்டோ கிடையாது. நம் ஊரில் நாலு பேர் கூடினால் குரூப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய தியாகம் என்று தெரியும், இருந்தாலும் கிடையாது. மண்டபத்து சிசிடிவி ஓடட்டும், யார் வந்தார் என்றுதான் அதற்குத் தெரியும். எந்த எண் யாருடையது என்று தெரியாது.

குடியாத்தத்திலும் ராணிப்பேட்டையிலும் உறுப்பினர்கள் இருந்தால் அங்கேயும் போடலாம். ஆனால் அதே ஞாயிறு, அதே 11 மணிக்கு. நேரத்தை மாற்றினால், இங்கே ஒரு கவர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி அங்கே இன்னொன்று வாங்கிவிடுவார்கள்.

ஐந்தாம் படி: எண்ணை உள்ளே கொடுப்பது

எல்லோரும் சறுக்குவது இங்கேதான். கவரைப் பிரித்த கையோடு மண்டப வாசலிலேயே எண்ணை அடித்தால், 11:40க்கு வெளியே வந்தவர் பாய், 11:41க்குச் சேர்ந்த அக்கவுண்ட் பாயுடையது என்று சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். அதனால் எங்கள் பாட் ஞாயிறன்று திறக்காது. புதன் காலை ஆறு மணிக்குத் திறந்து அடுத்த ஞாயிறு இரவு மூடும். நடுவில் அவரவர் வசதிக்கு அடிக்கலாம்.

சீட்டின் முதல் எண் சேர்வதற்கு. இரண்டாவது எண், போன் தொலைந்தால். புது அக்கவுண்ட்டிலிருந்து இரண்டாவது எண்ணை அனுப்பினால் பாட் பழையதை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்க்கும். சீட்டையே தொலைத்தால் அடுத்த பந்தி வரை காத்திருக்கத்தான் வேண்டும். அது யாருடைய சீட்டு என்று எங்களுக்கே தெரியாதே, எதை வைத்து மாற்றிக் கொடுப்பது? ஒருவர் சீட்டைப் படம் எடுத்து “வெற்றிகரமாக வெரிஃபை ஆகிவிட்டேன்” என்று ஸ்டேட்டஸ் வைத்தார், இரண்டாவது எண்ணோடு. அரை மணிக்குள் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. பந்தியிலேயே இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.

இன்னும் இரண்டு நுணுக்கம். அக்கவுண்ட்டில் ‘குடியாத்தம் செல்வி’ என்று பேர் வைத்துக்கொண்டால் எந்தக் கவரும் காப்பாற்றாது. ரத்த வகையையும் பேரோடு ஒட்டக்கூடாது. பந்திக்கு வந்தவர்களில் ஒரே ஒருவர் ஓ நெகட்டிவ் என்றால், அவர் முகத்தில் எழுதி ஒட்டிய மாதிரி. கோரிக்கை வரும்போது பொருந்துகிறவர் தனியாகப் பதில் சொல்வார். அதேபோல் பந்திக்கு 20 பேருக்குக் குறைவாக வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஐந்து பேருக்குள் ஒளிந்துகொள்ள இடமில்லை.

மோசடிக்காரன் நேரில் வந்து கவர் வாங்க மாட்டானா? வாங்கலாம். ஒன்றே ஒன்று. மாட்டினால் அந்த அக்கவுண்ட் போகும், அடுத்தது வேண்டுமென்றால் ஆறு மாதம் கழித்து அடுத்த பந்திக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு வர வேண்டும். 800 ரூபாய்க்கு அந்த வியாபாரம் கட்டாது. தன் அக்கவுண்ட்டையே இன்னொருவருக்கு விற்கிறவரை மட்டும் இந்த முறையால் தடுக்க முடியாது. எனக்குத் தெரிந்து வேறு எந்த முறையாலும் முழுசாக முடியாது.

வர முடியாதவர்களுக்கு

ஷிப்டில் இருப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தைக்காரர்கள், வளைகுடாவிலிருந்து லீவில் மட்டும் வருகிறவர்கள். இவர்களுக்குப் பந்தி நியாயமில்லை. எனவே ஏற்கெனவே உள்ளே இருக்கிற இரண்டு பேர், நேரில் தெரிந்தவர்கள், கைகாட்டினால் சேரலாம். ஒருவர் ஆண்டுக்கு இரண்டு பேரைத்தான் கைகாட்டலாம். கைகாட்டியவர் கொண்டுவந்தது மோசடி என்றால் அவருடைய அக்கவுண்ட்டும் சேர்ந்து போகும். பொண்ணு பார்க்க ஆள் சொல்வது மாதிரிதான், சொல்கிறவர் யோசித்துத்தான் சொல்வார். இதில் ரகசியம் கொஞ்சம் குறைகிறது: கைகாட்டிய இருவருக்கும் ஆளும் தெரியும், அக்கவுண்ட்டும் தெரியும். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வீடியோ காலை நான் கடைசியில்தான் வைப்பேன். முகத்தை மாற்றிக் காட்டும் டீப்ஃபேக் மலிந்துவிட்டது. செய்தே ஆக வேண்டும் என்றால், முகத்தை முழுசாகப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள், விரல்களை விரித்து முகத்துக்குக் குறுக்கே மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள், கைக்கு எட்டும் ஒரு கரண்டியையோ சீப்பையோ எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ரெக்கார்ட் செய்யாதீர்கள். இந்த உத்திகளுக்கு ஆயுசு குறைவு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையே பெரிய இடத்தில் எப்படிச் செய்கிறார்கள்

58 பேருக்கு அண்டா போதும், கோடிப் பேருக்குக் கணக்கு வேண்டும். டேவிட் சாம் என்ற கணினி அறிஞர் 1980களின் தொடக்கத்தில் சொன்ன உவமை அழகானது. உங்கள் எண்ணை ஒரு சீட்டில் எழுதி, கார்பன் தாள் வைத்த கவருக்குள் போட்டு ஒட்டுங்கள். அதிகாரி உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பதைப் பார்க்காமலே கவர் மேல் கையெழுத்துப் போடுகிறார். கார்பன் வழியாக அது உள்ளே சீட்டில் பதிந்துவிடும். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால், அதிகாரியின் கையெழுத்து உங்கள் எண்ணில் இருக்கிறது. அந்த எண்ணைப் பிற்பாடு எங்கே காட்டினாலும் கையெழுத்து தன்னுடையது என்று அவருக்குத் தெரியும், யாருக்குப் போட்டது என்று தெரியாது. இதைக் காகிதம் இல்லாமல் கணக்கால் செய்வதைக் குருட்டுக் கையெழுத்து என்கிறார்கள்.

இன்று அது உங்கள் கையிலேயே இருக்கலாம். ஐபோனில் 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல், சில தளங்களில் கேப்ட்சா வராமலே உள்ளே விடுவதற்குப் பின்னால் இருப்பது இந்த வகை டோக்கன்தான். ப்ரைவசி பாஸ் என்ற பேரில் 2024இல் அது பொதுத் தரநிலையாகவும் வந்துவிட்டது. அதன் குறை, அது பார்ப்பது போனை, ஆளை அல்ல. பத்து போன் இருந்தால் பத்து டோக்கன்.

கருவிழியை ஸ்கேன் செய்து ஆளுக்கு ஒரு ஐடி என்று 2023இல் வேர்ல்ட்காயின் வந்தது. ஒரு ஆள் ஒரு ஐடி என்பதை அது நேரடியாகத் தொடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். அதே ஆண்டு கென்யா அரசு அதை நிறுத்திவைத்தது. என் தயக்கம் எளிமையானது: பாஸ்வேர்ட் போனால் மாற்றலாம், சிம் போனால் மாற்றலாம், கண்ணை என்ன செய்வது? அண்டாவில் கைவிடுவதற்கு யாரும் கண்ணைக் கொடுக்க வேண்டியதில்லை.

கடைசிப் படி: மீதியைக் கழிப்பது

அச்சடித்தது 72, போனது 58, மீதி 14. இவற்றை அப்படியே வீட்டுக்கு எடுத்துவரக்கூடாது. எல்லோரும் போன பிறகு, விருப்பமுள்ள நாலு பேரை நிறுத்தி, அவர்கள் முன்னாலேயே 14 கவரையும் பிரித்து, எண்களைப் பாட்டில் ரத்து செய்து, சீட்டைக் கிழித்துப் போட்டோம். என் கம்ப்யூட்டரில் இருந்த பட்டியலைப் பாட்டுக்குள் ஏற்றியதும் அழித்தேன். பாட்டில் எந்த எண் எந்த அக்கவுண்ட் என்று இருக்கும், ஆள் பேர் எங்கேயும் இல்லை. நாளைக்கு அதுவும் கசிந்தால், கசிவது 58 புனைபெயர்கள்.

பணம் போய்விட்டது என்று யாராவது வந்தால் குழுவில் விவாதித்துக்கொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு.

எல்லா எண்களும் ஆறு மாதத்தில் காலாவதி. அடுத்த பந்தி பொங்கல் கழிந்து வரும் ஞாயிறு, அதே கூடம். கதவு 11 மணிக்குச் சாத்தப்படும். போன தடவை 11:01க்கு மூச்சு வாங்க ஓடிவந்த அண்ணனுக்கு இந்தத் தடவையும் சொல்லிவைக்கிறேன்: ணா, டீ உண்டு, கவர் கிடையாது.